பெல்லாரி வழக்கும் பம்மல் வீடும்

கல்லறைத் திருநாளன்று மாலை, மெழுகுதிரிகள் எரிந்து தாழ்ந்துகொண்டிருந்த வேளையில், அவர் என் அருகில் வந்து நின்றார். நாகல்கேணியில் தோல் பதனிடும் ஆலை ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர்; எனக்கு மூத்தவர்; அண்ணன் என்றே அழைப்பது வழக்கம். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் பம்மல் வீட்டின் கிரயப் பத்திரம், மூலப் பத்திரத்தின் நகல், பட்டா, வளைகுடா நாடொன்றில் வழங்கப்பட்ட இறப்புச் சான்றிதழ். நான் பத்திரப் பதிவுத் துறையில் காலந்தள்ளியவன் என்பதால், இத்தகைய உறைகள் கோவில் வளாகத்திலும் என்னைத் தேடி வருவது புதிதன்று.

"தம்பி, வீடு பையன் பேரில் இருக்கிறது. நானும் உன் அண்ணியும்தான் அதில் குடியிருக்கிறோம். பையன் போய்ச் சேர்ந்துவிட்டான். மருமகள் பிலிப்பைன்ஸ்காரி, பேத்தியைக் கூட்டிக்கொண்டு தன் ஊருக்கே போய்விட்டாள். இனி வீடு எங்களுடையதுதானே?"

மருத்துவமனை ஒன்றில் ஆய்வகப் பணியாளராக இருந்த மகன், அங்கேயே செவிலியாக இருந்த பெண்ணைக் கண்டு, அங்கிருந்த கத்தோலிக்க ஆலயத்தில் மணந்தவன். இருவரும் ஒரே திருமுழுக்குப் பெற்றவர்கள் என்பதால் பெற்றோருக்குத் தொடக்கத்தில் இருந்த வருத்தம் பேத்தி பிறந்ததும் கரைந்துபோயிற்று. நாற்பத்தோரு வயதில் மாரடைப்பு. உயில் எழுதும் வயதா அது என்று எவரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

"அண்ணே, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். அந்த வீட்டில் சட்டப்படி உங்களுக்கும் அண்ணிக்கும் பங்கே இல்லை," என்று சொல்ல வேண்டியிருந்தது. மூன்றில் ஒரு பங்கு மருமகளுக்கு; எஞ்சிய இரண்டு பங்கு பேத்திக்கு. இறந்தவர் இந்துவாக இருந்திருந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாய் முதல் வகுப்பு வாரிசு. மனைவிக்கும் மகளுக்கும் சமமாக அவருக்கும் ஒரு பங்கு வந்திருக்கும். கிறிஸ்தவர்களாகிய நமக்குரிய இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில், பிள்ளை ஒன்று இருந்துவிட்டால் பெற்றோர் வரிசையிலேயே இல்லை. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழில் பெற்றோரின் பெயர் இடம்பெறலாம். ஆனால் சான்றிதழில் பெயர் இருப்பது வேறு, சொத்தில் பங்கு இருப்பது வேறு.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "இப்படியொரு சட்டத்தை நமக்கு யார் தம்பி எழுதி வைத்தார்கள்?"

அன்று அவருக்கு நான் சொன்ன விடை அரைகுறையானது. முழு விடை ஒரு நெடிய கதை. அந்தக் கதையின் நடுவில் நிற்பவளும் கலப்பு மணம் செய்துகொண்ட ஒரு விதவைதான்.

பெல்லாரி இன்று கருநாடகத்தில் உள்ளது. அன்று சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம், பெரும் படைமுகாம். அங்கே மத்தேயு ஆபிரகாம் என்றொருவர் வாழ்ந்தார். அவருடைய மூதாதையர் ஒடுக்கப்பட்ட குலத்திலிருந்து கத்தோலிக்கத் திருமறையைத் தழுவியவர்கள். அவர் காலத்தில் குடும்பம் சீர்திருத்தச் சபையின் பக்கம் சாய்ந்தது. எளிய நிலையில் தொடங்கியவர், 1820இல் சார்லட் ஃபாக்ஸ் என்ற பெண்ணை மணந்தார். அவள் ஆங்கிலேயத் தகப்பனுக்கும் போர்த்துக்கீசிய வழிவந்த தாய்க்கும் பிறந்தவள். அக்காலத்தில் 'கிழக்கிந்தியர்' என்றும் பின்னாளில் ஆங்கிலோ இந்தியர் என்றும் வழங்கப்பட்ட சமூகத்தினள். மத்தேயு கடை வைத்தார். பின்னர் படையினருக்குச் சாராயம் வழங்கும் அப்காரிக் குத்தகையில் இறங்கினார். பணம் பெருகியது. இளைய சகோதரர் பிரான்சிஸ் கடையில் வந்து சேர்ந்து, காலப்போக்கில் தொழிலின் வலக்கையானார். மத்தேயு ஆங்கிலேய உடை உடுத்தினார். மனைவியின் சமூகத்தாரோடு பழகினார். அவர்களுடைய வழக்கப்படியே இல்லத்தை நடத்தினார்.

1842இல் மத்தேயு இறந்தார். உயில் இல்லை. விதவை சார்லட், மகன்கள் சார்லஸ் ஹென்றி, டேனியல் வின்சென்ட், கூடவே தொழிலை நடத்திக்கொண்டிருந்த பிரான்சிஸ். பத்தாண்டுகளுக்கு மேல் எல்லாம் ஒருவாறு ஓடிற்று. பிறகு கணக்குக் கேட்கும் காலம் வந்தது. அண்ணனின் முகவராக மட்டுமே தொழிலை நடத்தினீர், ஆகவே சொத்தை ஒப்படையும் என்றாள் சார்லட். நாங்கள் பிரிக்கப்படாத குடும்பம், மதம் மாறினாலும் எங்கள் குலத்தின் சொத்துமுறை மாறவில்லை, அண்ணன் இறந்தபின் குடும்பத் தலைமை எனக்குரியது, விதவைக்கு உரியது பராமரிப்பு மட்டுமே என்றார் பிரான்சிஸ்.

இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஒரு கிறிஸ்தவன், தன்னை இந்துச் சட்டம் ஆளுகிறது என்று மன்றாடுகிறான். எதிரே நிற்கும் அண்ணிக்கு அந்தச் சட்டத்தோடு பிறப்பால் எந்தத் தொடர்பும் இல்லை. இருவரும் ஒரே ஆண்டவரை வணங்குகிறவர்கள். ஆனால் 'இந்தியக் கிறிஸ்தவனின் சொத்து யாருக்கு?' என்ற கேள்விக்கு அன்று இந்நாட்டில் எழுதப்பட்ட விடை இல்லை. இந்துக்களுக்கு அவர்களுடைய சாத்திரம். இஸ்லாமியருக்கு அவர்களுடைய ஷரியத். மாநகர எல்லைக்குள் ஆங்கிலேயருக்கு ஆங்கிலச் சட்டம். இடையில் நின்ற நம் முன்னோர் சட்டத்தின் திண்ணையில் உட்கார்ந்திருந்தனர். 1840இலேயே சட்ட ஆணையம் ஓர் அறிக்கையில் இந்த வெற்றிடத்தைச் சுட்டிக்காட்டியிருந்தது. 1850ஆம் ஆண்டின் 21ஆவது சட்டம், மதம் மாறியதால் ஒருவர் தம் வாரிசுரிமையை இழக்கமாட்டார் என்றது. அது மதம் மாறியவர் தம் பழைய குடும்பத்திடமிருந்து பெறுவதைக் காத்தது. அவர் இறந்தபின் அவர் சொத்து எப்படிப் பிரியும் என்பதைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

பெல்லாரி நீதிமன்றம் சார்லட்டின் பக்கம் நின்றது. சென்னைச் சதர் நீதிமன்றம் அதைப் புரட்டிப் பிரான்சிஸின் வாதத்தை ஏற்றது. வழக்கு கடல் கடந்து இலண்டனின் கோமறை மன்றமாகிய பிரிவி கவுன்சிலுக்குப் போயிற்று. 1863இல் கிங்ஸ்டௌன் பிரபு தீர்ப்பைப் படித்தார். அதன் சாரம் இது: கிறிஸ்தவம் தழுவியவனை இந்துச் சட்டம் தானாகக் கட்டுப்படுத்தாது. அவன் விரும்பினால் பழைய சட்டத்தையே தொடரலாம், விரும்பினால் கைவிடலாம். எதை அவன் தேர்ந்தான் என்பதை அவன் நடந்துகொண்ட விதத்திலிருந்து அறிய வேண்டும். மத்தேயு எந்தச் சமூகத்தின் முறையில் வாழ்ந்தாரோ அதுவே அவர் குடும்பத்தின் முறை. அங்கே இந்துக் கூட்டுக் குடும்பம் இல்லை. பிரான்சிஸுக்கு ஏதேனும் சேரவேண்டும் என்றால் அது தொழிலில் இருவருக்கும் இருந்த ஏற்பாட்டிலிருந்து வரவேண்டுமே அன்றி, உடன்பிறந்தார் என்பதிலிருந்து வராது.

இத்தீர்ப்பைச் சட்டம் பயில்வோர் மனச்சான்றின் சுதந்திரத்துக்குக் கிடைத்த வெற்றியாகப் படிப்பார்கள். எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு. எந்தச் சட்டம் உன்னை ஆளும் என்பது உன் உடையையும் உன் உணவு மேசையையும் பொறுத்தது என்றால், வேட்டி கட்டிய கிறிஸ்தவனின் விதவைக்கு ஒரு நீதி, கால்சட்டை அணிந்த கிறிஸ்தவனின் விதவைக்கு வேறு நீதி என்றாகிவிடும் அல்லவா? சார்லட் வென்றது நியாயமே. ஆனால் அவள் வென்ற காரணம், அவளைப் போன்று வாழ வசதியற்ற ஆயிரம் பெண்களுக்கு உதவாத காரணம்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் இதே கேள்விக்கு வேறு வகையில் விடை கண்டனர். அங்கே கத்தோலிக்கர் பலரும் சொத்து விஷயத்தில் இந்து வழக்கத்தையே பின்பற்றி வந்தார்கள். மதத்தில் கிறிஸ்தவர், பாகப்பிரிவினையில் பழைய குலத்தார். அவ்வூர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை 1873இல் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றம் சென்றதற்காகத் தடுக்கப்பட்டு, பாரீஸ் வரை வழக்காடி வென்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. அந்தச் செருப்புச் சண்டையின் பின்னணியில் பிறந்ததுதான் 1881 செப்டம்பர் 21ஆம் நாளிட்ட ஆணை. விரும்பும் இந்தியர் எவரும், பதிவு அலுவலர் முன் தம் மரபுவழித் தனிநிலைச் சட்டத்தைத் துறப்பதாக அறிவித்து, குடும்பப் பெயர் ஒன்றையும் தேர்ந்துகொண்டால், அன்று முதல் பிரெஞ்சு உரிமையியல் சட்டம் அவரை ஆளும். துறந்தது துறந்ததுதான், திரும்பி வர இயலாது. பொன்னுத்தம்பி பிள்ளை லபோர்த் ஆனார். இவ்வாறு துறந்தவர்களை 'ரெனோன்சான்' என்பார்கள். இன்றைக்கும் புதுச்சேரியில் அவர்களுடைய வழிவந்தோரின் சொத்து நெப்போலியன் காலத்துச் சட்டத்தின் வழியில்தான் இறங்குகிறது. 1963இல் இந்திய வாரிசுரிமைச் சட்டம் புதுச்சேரிக்கு விரிக்கப்பட்டபோதும் அவர்களை அது தொடவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கத்துச் சட்டத்துக்கும் அந்தச் சட்டத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிரெஞ்சுச் சட்டத்தில் தந்தை தன் பிள்ளைகளை முற்றிலும் ஒதுக்கி உயில் எழுத முடியாது. ஒரு பிள்ளை இருந்தால் சொத்தில் பாதி, இரண்டு பிள்ளைகள் இருந்தால் மூன்றில் இரண்டு, அதற்கு மேல் இருந்தால் நான்கில் மூன்று அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. எஞ்சியதை மட்டுமே விருப்பம்போல் கொடுக்கலாம். மனைவியின் நிலையோ நேர்மாறு. திருமணத்துக்குப் பின் இருவரும் சேர்த்ததில் பாதி அவளுடையது என்பது உண்மை. ஆனால் கணவனின் பங்கில் வாரிசாக வரவேண்டும் என்றால், பன்னிரண்டாம் தலைமுறை உறவு வரை எவரும் இல்லாதபோதுதான் அவள் முறை வரும். 1891இல்தான் அனுபவ உரிமை என்ற சிறு துண்டு அவளுக்குக் கிடைத்தது.

சார்லட் தீர்ப்பு வந்து இரண்டே ஆண்டுகளில், 1865இல், இந்திய வாரிசுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. 1866 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. உடையைப் பார்க்கும் வேலை முடிந்தது. இந்துவோ இஸ்லாமியரோ அல்லாத பெரும்பாலோருக்கும், பம்மல் வேட்டிக்காரருக்கும் பெல்லாரிக் கால்சட்டைக்காரருக்கும் ஒரே முறை. மங்களூர்க் கத்தோலிக்கர் தொடர்பான வழக்கொன்றில் 1886இல் சென்னை உயர் நீதிமன்றம், இந்தியக் கிறிஸ்தவர் பழைய கூட்டுக் குடும்ப முறையைச் சொல்லி இச்சட்டத்திலிருந்து விலகி நிற்க இயலாது என்று கூறிற்று. 1925இல் 39ஆவது சட்டமாகத் திருத்தித் தொகுக்கப்பட்டு, இன்றும் நம்மை ஆள்வது அதுவே.

இச்சட்டத்தை ஆங்கிலேயர் எழுதினார்கள் என்பதற்காகவே இகழ்வோர் உண்டு. ஆனால் இரண்டு விஷயங்களில் அது தன் காலத்தை முந்தியது. மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்றது. 1865இல், இந்த மண்ணில், வேறெந்தச் சட்டம் இப்படிச் சொல்லிற்று? இரண்டாவது, திருமணம் என்ற ஒன்றினாலேயே ஒருவரது சொத்தில் மற்றவருக்கு உரிமை உண்டாகாது, ஒருவர் தம் சொத்தை ஆளும் தகுதியும் போகாது என்றது. இங்கிலாந்தில் அப்போது ஒரு பெண் மணமானவுடன் அவளுடைய பொருள் பெரும்பாலும் கணவன் கைக்குப் போய்விடும். அந்நிலை மாற 1882 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இலண்டன் மனைவிக்கு இல்லாத உரிமை பல்லாவரத்து மனைவிக்கு முன்னதாகவே இருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இதே சட்டம்தான் பெற்றோரைக் கைவிட்டது. எழுதியவர்கள் ஆங்கிலேயக் குடும்பத்தை மனத்தில் வைத்து எழுதினார்கள்: கணவன், மனைவி, பிள்ளைகள். முதிய தாய் தந்தையர் மகனின் வீட்டில் வாழ்வார்கள், மகன் ஈட்டியதே அவர்களுடைய ஓய்வூதியம் என்ற நம் ஊர் நடப்பு அவர்கள் கண்ணில் படவில்லை. பிள்ளை இல்லாதபோது மட்டுமே மனைவிக்குப் பாதி போக, மீதி தந்தைக்கு; தந்தையும் இல்லையேல் தாய்க்கும் உடன்பிறந்தாருக்கும். தந்தை உயிரோடு இருக்கையில் தாய்க்குத் தனியே ஒன்றுமில்லை. அண்ணன் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்.

சட்டம் ஒன்றானாலும் கன்னியாகுமரிக்கு அது எளிதில் வந்து சேரவில்லை. அம்மாவட்டம் 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அங்கே 1916ஆம் ஆண்டின் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் மகளுக்கு அளித்தது மகனின் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. தமிழ்நாட்டோடு இணைந்தபின்னும் எந்தச் சட்டம் ஆளும் என்ற ஐயம் நீங்கவில்லை. 1978இல் வெளிவந்த சென்னை உயர் நீதிமன்ற அமர்வின் தீர்ப்பு பழைய சட்டமே தொடர்கிறது என்றது. கோட்டயத்து மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1951 ஏப்ரல் முதலே அங்கு வந்துவிட்டது என்று தீர்த்து வைத்தது. நாகர்கோவிலில் பிறந்த கிறிஸ்தவ மகளுக்கும் செங்கல்பட்டில் பிறந்த கிறிஸ்தவ மகளுக்கும் ஒரே நீதி என்று உறுதிப்பட இவ்வளவு காலம் பிடித்தது. அத்தீர்ப்பைத் திருச்சபையைச் சார்ந்தோர் பலரே அன்று கசப்போடு ஏற்றனர் என்பதையும் நாம் மறைக்கலாகாது.

மருமகள் அயல்நாட்டவள் என்பதால் பங்கு குறையுமா? இதுவே அண்ணனின் இரண்டாவது கேள்வி. தமிழ் மண்ணில் அயல்நாட்டு மனைவி காரணமாக ஒரு வாரிசுரிமையே மறுக்கப்பட்டது உண்மை; ஆனால் அது அரசுக்கட்டில் பற்றியது. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915 ஆகஸ்டில் மெல்போர்ன் நகரில் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்து ஊருக்கு அழைத்து வந்தார். ஆங்கில அரசு அவளை அரசியாக ஏற்கவில்லை. சில மாதங்களில் இருவரும் ஊரைவிட்டே புறப்பட்டனர். 1916 ஜூலையில் சிட்னி நகரில் மகன் பிறந்தான். அவன் வாரிசாக ஏற்கப்படவில்லை. மன்னர் 1928 மே மாதம் பாரீஸில் இறந்தார். புதுக்கோட்டை மண் அவருக்குக் கிடைக்கவில்லை, இலண்டனில் தகனம் செய்யப்பட்டார். அரசுக்கட்டில் உறவினர் குடும்பத்தின் ஆறு வயதுச் சிறுவன் இராசகோபாலத் தொண்டைமானுக்குப் போயிற்று. அரசுரிமை ஆள்வோரின் அரசியல். அங்கே நிறமும் பார்க்கப்பட்டது. எளிய மனிதனின் வீட்டை ஆளும் சட்டத்தில் விதவை என்றால் விதவைதான். அவள் எந்த நாட்டவள் என்று அது கேட்பதில்லை.

இடத்தை மட்டும் அது கேட்கும். இந்தியாவிலுள்ள அசையாச் சொத்துக்கு, இறந்தவர் உலகில் எங்கே குடியிருந்தாலும் இந்தியச் சட்டம்தான். வங்கிப் பணம், நகை, பணிக்கொடை போன்ற அசையும் சொத்துக்கு, இறந்தபோது அவருக்கு எங்கே 'டொமிசைல்' இருந்ததோ அந்நாட்டுச் சட்டம். பிழைப்புக்காக இருபது ஆண்டு வளைகுடாவில் இருந்தாலும், ஊர் திரும்பும் எண்ணம் உள்ளவனுக்கு டொமிசைல் பம்மல்தான். இச்சொல்லை விளக்கச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பரங்கிமலைதான் நினைவுக்கு வரும். 1726இல் அம்மலைக்குப் படி கட்டியவரும் அடையாற்றின் குறுக்கே பாலம் அமைத்தவருமான ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ரோஸ் உஸ்கான், 1751இல் சென்னையில் இறந்தார். உடல் வேப்பேரியில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் விருப்பப்படி இதயம் மட்டும் பாரசீகத்துச் சுல்பா நகருக்குப் போயிற்று. அவருடைய டொமிசைல் எது என்று தீர்ப்புச் சொல்லும் வேலை எந்த நீதிபதிக்கும் வாய்க்காதது அவர்களுடைய நல்வினை!

மருமகளின் நாட்டுச் சட்டம் இதைத் தலைகீழாகப் பார்க்கிறது. 1950 முதல் வழங்கும் பிலிப்பைன்ஸ் உரிமையியல் சட்டப்படி, சொத்து எங்கிருந்தாலும், அதன் தன்மை எதுவானாலும், இறந்தவர் எந்நாட்டுக் குடிமகனோ அந்நாட்டுச் சட்டமே வாரிசுரிமையை ஆளும். இசுபானியர் வழிவந்த சட்டம் ஆகையால், புதுச்சேரிப் பிரெஞ்சுச் சட்டத்தைப் போலவே பிள்ளைகளுக்கும் உயிரோடிருக்கும் துணைக்கும் கட்டாயப் பங்கு அங்கு உண்டு. நிலத்தைப் பொறுத்தவரை 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்பு கண்டிப்பானது: அயல்நாட்டவர் அங்கே தனியார் நிலத்தை வாங்க முடியாது; சட்டவழி வாரிசாக மட்டுமே அடையலாம். ஆக, மனைவி முந்தி இறந்திருந்தால், அவளூர் நிலத்தை நம் பம்மல் பிள்ளை விலைக்கு வாங்கமுடியாதவனாயினும் வாரிசாகப் பெற்றிருப்பான். இங்கே விதி வேறு. அயல்நாட்டுக் குடிமக்கள் இந்தியாவில் வீடு நிலம் பெறுவதை அந்நியச் செலாவணிச் சட்டம் கவனிக்கிறது. 1973ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையாக இருந்தது, 1999இல் வந்த சட்டம் சற்று நெகிழ்ந்தது. இந்தியாவில் குடியிருந்தவரிடமிருந்து வாரிசாக வந்ததை, வெளிநாட்டில் வாழ்பவர் வைத்துக்கொள்ள அது இடமளிக்கிறது. கணவரே வெளிநாட்டில் குடியிருந்தவர் என்றால் ரிசர்வ் வங்கியின் விதிகளை நுணுகிப் பார்த்து, வேண்டியிருந்தால் அனுமதியும் பெறவேண்டும்.

"அப்படியானால் பையன் ஓர் உயில் எழுதியிருந்தால்?" என்றார் அண்ணன்.

எழுதியிருந்தால், முழு வீட்டையும் அவன் தாய்க்குக் கொடுத்திருக்கலாம். நம் சட்டத்தில் பிள்ளைக்கோ மனைவிக்கோ கட்டாயப் பங்கு என்று ஒன்றில்லை. வாழும் காலம் வரை பெற்றோர் குடியிருக்கலாம், பின் மகளுக்குச் சேரட்டும் என்று இரு சாராரையும் காக்கும்படியும் எழுதியிருக்கலாம். வெள்ளைத் தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு செய்வது நல்லது, கட்டாயமன்று. இரண்டு சாட்சிகள் வேண்டும்; ஆனால் பங்கு பெறுகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாகக் கையெழுத்திட்டால் அந்தப் பங்கு செல்லாது. மணமாகுமுன் எழுதிய உயில் மணமானவுடன் மாண்டுபோகும் என்பதையும் நம்மவர்களில் பலர் அறியார். முன்பு சென்னை மாநகரில் கிறிஸ்தவர் உயிலுக்கு உயர் நீதிமன்றத்தில் புரொபேட் பெற்றே ஆகவேண்டும். 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அக்கட்டாயம் நம்மைவிட்டு நீங்கியது. ஆலயத்துக்கும் அறச்செயலுக்கும் எழுதிவைப்பதில் இருந்த பழைய தடை, இறப்பதற்கு ஓராண்டு முன்பே எழுதி, ஆறு மாதத்துக்குள் ஒப்படைத்து வைக்கவேண்டும் என்பது, கேரளத்துக் குருவானவர் ஒருவர் தொடுத்த வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. இவ்வளவு கதவுகள் திறந்திருந்தும் நாம் உயில் எழுதுவதில்லை. எழுதினால் சாவு வரும் என்றொரு பயம். எழுதியதை அறிந்தால் பிள்ளைகள் முகம் மாறும் என்றொரு பயம்.

விவிலியத்தில் அயல்நாட்டு மருமகளின் கதை ரூத்து. மோவாபு நாட்டவள், கணவனை இழந்தவள், மாமியாரைப் பின்தொடர்ந்து பெத்லகேம் வந்தவள். அக்கதையை நாம் அன்பின் கதையாக மட்டுமே பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். நான்காம் அதிகாரத்தைப் பதிவுத்துறைக்காரன் கண்ணோடு படித்தால், ஊர் வாயிலில் பத்துப் பெரியவர்களை உட்காரவைத்து நடக்கும் ஒரு நிலப்பரிமாற்றம் அது. நெருங்கிய உறவினன் ஒருவன் நிலத்தை மீட்க இசைகிறான். நிலத்தோடு அந்த அயல்நாட்டு விதவையின் பொறுப்பும் வரும் என்று தெரிந்ததும், தன் சொந்த உரிமைச் சொத்து கெட்டுவிடும் என்று பின்வாங்குகிறான். அவனுடைய பெயரைக் கூட நூல் சொல்லவில்லை.

இதை அண்ணனிடம் நான் சொல்லவில்லை. துயரத்தில் இருப்பவரிடம் பிரசங்கம் எதற்கு? மறு வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி காபி கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றார். மகனின் படத்துக்குக் கீழே சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாடி அறையில் பேத்தியின் மிதிவண்டி ஒன்று, விடுமுறைக்கு வந்தபோது வாங்கிக் கொடுத்தது, துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தது. மருமகள் இரவுதோறும் தொலைபேசியில் அழைக்கிறாள் என்றும், தாய்க்கு உடல்நலம் இல்லாததால்தான் ஊருக்குப் போனாள் என்றும் அண்ணி சொன்னார். வீட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. இவர்களும் பேசத் துணியவில்லை. பேசாமல் இருப்பதே இரு தரப்புக்கும் மரியாதை என்று நினைத்திருக்கிறார்கள்.

"சித்தப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று அவளே நேற்றுச் சொன்னாள்," என்றார் அண்ணி. என்னைத்தான் அவள் சித்தப்பா என்கிறாள். அந்த ஒரு தமிழ்ச் சொல்லை அவள் திருத்தமாகச் சொல்வாள்.

நான் இரண்டு வழிகளைச் சொன்னேன். பேத்தி மைனர், அவளுடைய இரண்டு பங்கை நீதிமன்ற அனுமதியின்றி எவரும் விற்கவோ விட்டுக்கொடுக்கவோ முடியாது, ஆகவே அதை அப்படியே விட்டுவிடுங்கள், பெரியவளானதும் அவள் முடிவு செய்யட்டும். தாய்க்குரிய ஒரு பங்கைப் பற்றி மருமகளிடமே கேளுங்கள். உங்கள் இருவருக்கும் ஆயுட்காலம் வரை குடியிருக்கும் உரிமையை எழுதிக் கொடுக்க அவள் இசைந்தால், விதிகளைப் பார்த்து, மணிலாவிலுள்ள நம் தூதரகத்தின் வழியாகப் பவர் பத்திரம் தயாரிக்கலாம். இசையாவிட்டால் அதுவும் அவள் உரிமை.

அண்ணன் மேசையில் கையூன்றி யோசித்தார். "நம்ம பணமும் கொஞ்சம் இந்த மாடியில் இருக்கிறது, தம்பி," என்றார். "இருக்கட்டும். முதலில் அவள் பேரில் இருக்க வேண்டியதை அவள் பேருக்கு மாற்றுவோம். அப்புறம் கேட்டால்தான் கேட்பதற்கு முகம் இருக்கும்."

வாரிசுச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தை விரித்தோம். அங்கேயே ஒரு சிக்கல். பிலிப்பைன்ஸ் வழக்கப்படி பெண்ணின் பெயரில் நடுவில் வருவது தாயின் குலப்பெயர். கடைசியில் தகப்பன் பெயர். மணமானபின் அது மாறி, கணவன் பெயர் சேர்கிறது. கடவுச்சீட்டில் ஒரு விதம், திருமணப் பதிவேட்டின் நகலில் ஒரு விதம், பேத்தியின் பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது விதம். மூன்றும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் வேண்டியிருக்கும் என்றேன்.

அண்ணன் தம் கணக்கர் எழுத்தில், விண்ணப்பத்தின் முதல் வரியில் 'மனைவி' என்று எழுதி, பேனாவை நிறுத்தி, அவள் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று என்னைக் கேட்டார்.